அளந்து பார்த்த பிறகு இன்ஜெக்டரைக் கழற்றுங்கள்: லாரிப் பணிமனை மேற்பார்வையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேற்பார்வையாளர்களுக்கு, வணக்கம்.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, வெள்ளைப் புகை தள்ளுகிறது என்று ஓட்டுநர் சொன்னவுடனே, எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் ஆறு இன்ஜெக்டர்களையும் மாற்ற வேண்டும் என்று வேலைச் சீட்டில் எழுதிவிடும் பழக்கம் நம் தொழிலில் ஊறிப்போய்விட்டது. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். ஆறையும் மாற்றிய பிறகும் அந்த லாரி கிளம்பவில்லை. இன்ஜெக்டர்களுக்கு உயரழுத்த டீசலைத் தேக்கித் தரும் பொதுக் குழாயான ரெயிலில் இருக்கும் அழுத்தத் தணிப்பு வால்வு சரியாக மூடாமல், டேங்க்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் வழியில் டீசலை விட்டுக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். உரிமையாளரின் பணத்தை வீணாக்கிய அந்த வேலை இன்னும் என் மனத்தை அறுப்பதால் இதை எழுதுகிறேன்.

இப்படி ஒரே ரெயிலிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில், கிராங்க் செய்யும்போது (ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்றும்போது) ரெயில் அழுத்தம் குறிப்பிட்ட அளவை, பெரும்பாலும் 200 பார் அளவை, எட்டாவிட்டால் கட்டுப்பாட்டுக் கணினி இன்ஜெக்டரைத் திறக்கவே திறக்காது. அந்த அழுத்தம் ஏறாததற்கு உள்ளே தேய்ந்து ரிட்டர்னில் மிகுதியாக விடும் இன்ஜெக்டர் காரணமாகலாம். தணிப்பு வால்வோ, உயரழுத்தப் பம்போ, அடைத்த ஃபில்டரோ கூடக் காரணமாகலாம். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலும் தனித்தனி அளவுக்குப்பியை மாட்டி, ஒரே நேர அளவுக்கு ஓடவிட்டுப் பார்த்தால், மற்றவற்றைவிட வெகுவாகக் கூடுதலாக விடுவது எது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். ரிட்டர்ன் வழி சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே ஓடும் எஞ்சின்களில் இது முடியாது. அங்கே ரெயிலில் இன்ஜெக்டர்களின் வழிகளை ஒவ்வொன்றாக மூடியிட்டு அடைத்து, அழுத்தம் எப்போது ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். அப்படி ஒன்று பிடிபட்டாலும், இன்ஜெக்டரோடு சேரும் இணைப்புக் குழாயின் முனை சரியாக உட்காராமல் கசிந்தாலும் இதே அளவுதான் காட்டும் என்பதால், அதைக் கழற்றிப் பார்த்த பிறகே இன்ஜெக்டரின் மேல் பழி போடலாம்.

ஒரு சிலிண்டரை நிறுத்தியும் எஞ்சின் ஓட்டத்தில் மாற்றம் தெரியாவிட்டால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பது உறுதி. ஆனால் அதற்குக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தம்) குறைவும், எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவருக்கு அடியில் அறுந்த ஒயரும்கூடக் காரணமாக இருக்கலாம்.

கசிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஞ்சினின் பின்புறம் ஆயில் சொட்டினால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீல் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கத் துணிந்துவிடுகிறோம். மேலே ராக்கர் கவர் கேஸ்கெட்டில் கசியும் ஆயிலும் காற்றில் தள்ளப்பட்டு அதே இடத்துக்குத்தான் வந்து சேரும். முதலில் எஞ்சினைக் கழுவி உலரவிட்டு, சிறிது நேரம் ஓட்டி, மேலிருந்து கீழாகப் பார்த்து வந்தால் ஊற்று பிடிபடும்; பிடிபடாதபோது ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்க்கலாம். இதற்கு மாறாக, டேங்க்கிலிருந்து, டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் வரையிலான உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால், எஞ்சின் ஓடும்போது வெளியே ஒரு சொட்டும் விழாது. காற்றுதான் உள்ளே போகும். இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் மட்டும் அடம்பிடித்தால், அந்த வழியில் ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டைப் பொருத்திக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

ஆயில் அளவுக்கோலில் மட்டம் குறைவதை எல்லோரும் கவனிக்கிறோம். ஏறுவதும் ஆபத்தானது; டீசல் ஆயிலில் கலப்பதன் அடையாளமாக இருக்கலாம். டீசல் கலந்து நீர்த்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். கூலன்ட் குறைந்து வெளியே ஈரமே இல்லாவிட்டால், ஈஜிஆர் கூலர் (எஞ்சினுக்கே திருப்பி விடப்படும் புகையைக் குளிர்விப்பது), ஹெட் கேஸ்கெட், இன்ஜெக்டர் ஸ்லீவ் (இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள உறை) மூன்றையும் அழுத்தச் சோதனை செய்யாமல் வண்டியை அனுப்பாதீர்கள்.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறியப் பழைய எஞ்சின்களில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்த்த வழக்கத்தைக் காமன் ரெயிலில் யாரும் செய்ய விடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது அங்கே 1,600 பாருக்கும் மேல் அழுத்தம் ஏறக்கூடும். தோலைத் துளைத்து உள்ளே போகும் டீசல் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும், உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. கசிவைத் தேட அட்டையை நீட்டுங்கள், கையை அல்ல.

உங்களிடம் நான் கேட்பது, இன்ஜெக்டர் மாற்றச் சொல்லும் ஒவ்வொரு வேலைச் சீட்டிலும் கிராங்க் அழுத்தம், ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் சோதனை முடிவு, கம்ப்ரஷன் ஆகிய மூன்றையும் எழுதாமல் கையொப்பமிடாதீர்கள். மாற்றிய பிறகு புதிய இன்ஜெக்டரின் குறியீட்டு எண் கணினியில் பதியப்பட்டதா என்பதையும் அதே சீட்டில் எழுதச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவனான டீசல் மெக்கானிக்