சம்பளம் வந்த வழியில்தான் சாயமும் வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொழில் வளர்ச்சி ஏழை நாடுகளுக்கு வரமா சாபமா என்று சென்ற இதழில் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் ஏற்றுமதிக் கணக்கைக் காட்டினார், இன்னொருவர் செத்துப்போன ஆற்றைக் காட்டினார். எங்கள் வீட்டுக்குள் இரண்டுமே வந்தன. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். பாசனத்துக்காக 1992-ல் நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டியது. சில வருஷத்திலேயே அதில் திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு தேங்க ஆரம்பித்துவிட்டது. சாயம் ஏற்றப் போடும் உப்பு ஆற்றோடு வந்து நிலத்தடியில் இறங்கியது. எங்கள் கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இளநீர் வெட்டினால் அதுவும் கரிக்கும். அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே கெஞ்சிய கூத்து எங்கள் பக்கம்தான் நடந்தது.

அப்பா மஞ்சளை விட்டார், அப்புறம் தென்னையையும் விட்டார். நான் பனியன் கம்பெனிக்குப் போனேன். டைலருக்கு உதவியாளாக, அதாவது கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் தையல் மெஷின் பழகி டைலர் ஆனேன். தங்கையின் படிப்பு, அவள் கல்யாணம், ஓட்டு வீட்டை இடித்துக் கட்டிய தார்சு வீடு எல்லாம் சனிக்கிழமைச் சம்பளத்தில் வந்தவை. விவசாயக் காட்டை நம்பி இருந்திருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது. அப்பா பணத்தை வாங்கிப் பெட்டியில் வைப்பார், ஒன்றும் பேசமாட்டார். ஒரே ஒருநாள், "நம்ம கெணத்த வித்த காசு தாண்டா இது" என்றார்.

இழப்பீடு கொடுத்தார்களே என்பீர்கள். 2004-ல் இழப்பைக் கணக்கிட்ட ஆணையம் 28,000 சொச்சம் விவசாயிகளுக்கு ஒதுக்கியது 25 கோடிக்கும் குறைவு. தலைக்கு 9,000 ரூபாய்கூட வராது.

'முன்னேற வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்' என்ற பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. திருப்பூர் முடிந்தது, ஆர்டரெல்லாம் வங்கதேசம் போய்விடும் என்றார்கள். வேலையில்லாத அந்த மாதங்களில் நானும் நீதிமன்றத்தைத் திட்டியவன்தான். அப்புறம் என்ன ஆனது? ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாதபடி சுத்திகரிப்பு இயந்திரம் போட்டவர்கள் திரும்பத் திறந்தார்கள். அரசு வட்டியில்லாக் கடனும் கொடுத்தது. ஏற்றுமதி மதிப்பு இன்று அப்போதையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியானால் அந்தச் செலவை முன்பே செய்திருக்கலாம். அப்பா தலையில் விழுந்துகொண்டிருந்த வரைக்கும் யாருக்கும் அவசரமில்லை.

ஆர்டர் போகும் என்று சொன்ன அந்த வங்கதேசத்தில், 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடின, தையல்காரர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு ஏற்றினார்கள். அதற்குப் பிறகுதான் வெளிநாட்டுக் கம்பெனிகள் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் போட்டுக் கட்டடங்களைச் சோதித்தன. சோதித்ததால் ஆர்டர் ஒன்றும் அங்கிருந்து ஓடிவிடவில்லை.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. மூடிய பட்டறைகளில் சில வேறு ஊர் ஆற்றங்கரைகளுக்குப் போயின. வடித்தெடுத்த உப்பை என்ன செய்வது என்று தெரியாமல் சுத்திகரிப்பு நிலையங்களில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் கிணறும் இன்னும் கரிக்கிறது.

உங்கள் கட்டுரையாளர்கள் இருவரும் இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். குடிக்கக் கேன் தண்ணீர்தான் கொடுக்க முடியும்.

இப்படிக்கு,
ஒரு டைலர்,
ஒரத்துப்பாளையம் பக்கம்