லேபர் வார்டில் கையெழுத்து வாங்காதீர்கள்: பெங்களூரின் குடும்ப நல அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் குடும்ப நலத் திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கும், அரசுப் பிரசவ ஆஸ்பத்திரிகளின் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

கருத்தடை ஆபரேஷனுக்கான சம்மதத்தை லேபர் வார்டில் வைத்துக் கேட்காதீர்கள். ஏழாம் மாதச் செக்கப்பிலேயே கேளுங்கள். கர்ப்பிணிக்குத் தெரிந்த மொழியில், கணவனும் மாமியாரும் வெளியே உட்கார்ந்திருக்க, அவளிடம் மட்டும் கேளுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

நான் லிங்கராஜபுரத்தில் இருப்பவள். வீட்டில் பேசுவது தமிழ். பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்ததால் எழுதப் படிக்கவும் வரும். அதனால் எங்கள் தெருவில் யாருக்காவது வலி கண்டால் ஆட்டோவில் நானும் ஏறிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. தாயி கார்டையும் (கர்ப்பிணிக்கு அரசு தரும் பதிவு அட்டை) ஆதாரையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொள்வது, சிஸ்டர் சொல்வதைத் தமிழில் சொல்வது, எந்தக் கவுன்டரில் எந்தச் சீட்டு என்று அலைவது என்று என் வேலைகள் இருக்கும். கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பெண்கள் எங்கள் பகுதியில் நிறையப் பேர். கடையில் பேசுமளவுக்குக் கன்னடம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. எழுத்துதான் வருவதில்லை.

அரசு ஆஸ்பத்திரி எங்களுக்கு எவ்வளவு பெரிய துணை என்று எனக்குத் தெரியும். எங்கள் அம்மா காலத்தில் வீட்டுப் பிரசவத்தில் செத்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். தடுப்பூசி போடும் நாளை வீடு வீடாக வந்து ஞாபகப்படுத்தும் ஆஷா என்ற சுகாதாரப் பணியாளர் அக்காக்கள் இல்லையென்றால் எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்த ஊசி தவறியிருக்கும். அரசு எங்கள் வீட்டுக்குள் வரவே கூடாது என்று சொல்பவள் இல்லை நான். வரட்டும். வந்து கேட்கட்டும், சொல்லிக்கொடுக்கட்டும், மருந்து தரட்டும். முடிவு மட்டும் யாருடைய உடம்போ அவளுடையதாக இருக்கட்டும்.

ஒரு இரவில் நடந்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயரும் பெண்ணின் பெயரும் வேண்டாம். இருபத்து மூன்று வயது, இரண்டாவது பிரசவம். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தாததால் கட்டில் பாதி தெரிந்தது. சிஸ்டர் ஒரு அட்டையில் சம்மதப் பாரத்தைச் செருகிக்கொண்டு வந்தார். "எரடு ஆய்த்தல்லா, ஆபரேஷன் மாடிஸ்கோ" (ரெண்டு ஆச்சே, ஆபரேஷன் பண்ணிக்கோ) என்றார். அவள் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. தலையை ஆட்டினாள். வலி உச்சத்தில் இருப்பவள் அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவாள். இடது கையில் டிரிப்ஸ் ஊசிக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. சிஸ்டர் வலது கையைக் கம்பியிலிருந்து பிரித்து எடுத்து, கட்டை விரலை ஊதா மைப்பெட்டியில் உருட்டி, பாரத்தில் அழுத்திவிட்டு, அதே விரலைக் கட்டிலின் விரிப்பிலேயே துடைத்தார். பிறகு வெளியே வந்து அவள் புருஷனிடம் நீட்டினார். காக்கிச் சட்டையோடு நின்றிருந்த அவனும் என்ன ஏதென்று கேட்காமல் கையெழுத்துப் போட்டான்.

சிஸ்டர் கெட்டவரில்லை. அந்த இரவு வார்டு முழுக்க ஓடிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். விடியற்காலை அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் சூடு பண்ணிக் கொடுத்தவரும் அவர்தான்.

அவள் டிஸ்சார்ஜ் ஆகும்போது என்னிடம் கேட்டாள்: "அக்கா, எனக்கு நார்மல் டெலிவரிதானே? தொப்புளுக்குக் கீழ எதுக்குத் தையல்?" சொன்னேன். கொஞ்ச நேரம் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்போ கர்ப்பப்பையை எடுத்துட்டாங்களா?" என்றாள்.

இல்லையம்மா, கர்ப்பப்பை அப்படியேதான் இருக்கிறது, குழாயைத்தான் கட்டியிருக்கிறார்கள், மாதவிலக்கு வழக்கம்போல வரும் என்று அந்த வராந்தாவில் உட்கார்ந்து சொல்லிப் புரியவைத்தேன். டாக்டரோ சிஸ்டரோ மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியது அது. நன்றாக விளக்கிக் கேட்டிருந்தால் அவளே "சரி, பண்ணிடுங்க" என்று சொல்லியிருக்கலாம். பல பெண்கள் விரும்பித்தான் செய்துகொள்கிறார்கள். ஆனால் தன் உடம்பில் என்ன நடந்தது என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லி ஒரு பெண் தெரிந்துகொள்வதை ஏற்க முடியாது.

உங்கள் விதிகளே இதை ஏற்பதில்லை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் கருத்தடை அறுவைச் சிகிச்சை வழிகாட்டுதல், வற்புறுத்தியோ மயக்க நிலையிலோ சம்மதம் பெறக் கூடாது என்கிறது. கணவனின் சம்மதம் தேவையில்லை என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. 2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்து 53 பெண்களுக்கு இரண்டே மணி நேரத்தில் ஆபரேஷன் செய்தார்கள். அதை எதிர்த்து தேவிகா பிஸ்வாஸ் என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2014 நவம்பரில், சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் 83 பெண்களுக்கு ஒரே டாக்டர் ஆபரேஷன் செய்தார். அங்கும் பக்கத்து முகாம்களிலுமாகப் பதின்மூன்று பெண்கள் இறந்தார்கள். 2016 செப்டம்பரில் வந்த தீர்ப்பு, மூன்று வருடத்துக்குள் முகாம்களையே நிறுத்தச் சொன்னது. பாரத்தில் இருப்பதைப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், மனம் மாறுவதற்கு ஒரு மணி நேரமாவது அவகாசம் தர வேண்டும் என்றும் சொன்னது. இத்தனை பேர் செத்த பிறகு கிடைத்த ஒரு மணி நேரம் அது. வலிக்கும் வலிக்கும் நடுவில் இருக்கும் இரண்டு நிமிடத்தில் விரலை உருட்டுவது அந்தத் தீர்ப்பை மதிப்பதாகாது.

சம்மதம் யாருடையது என்பதிலும் சட்டத்தில் குழப்பமில்லை. டெல்லியில் ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லாதபோது, சுயநினைவு திரும்பிச் சொல்லக்கூடிய வயதுவந்த பெண்ணுக்காக அம்மா கொடுத்த சம்மதம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெற்ற தாய்க்கே இல்லாத அதிகாரத்தைப் புருஷனுக்கு யார் கொடுத்தது? கருக்கலைப்புக்கும் இதே கதைதான். 1971-ம் வருடச் சட்டத்திலோ 2021 திருத்தத்திலோ, வயதுவந்த பெண்ணுக்குக் கணவன் கையெழுத்து வேண்டும் என்று எங்குமே இல்லை. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் போடக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இருந்தும் "வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். அவர்கள் பிறகு எந்த மெடிக்கல் ஷாப்பில் எந்த மாத்திரை வாங்கினார்கள், எத்தனை நாள் ரத்தப்போக்கோடு வேலைக்குப் போனார்கள் என்பதெல்லாம் உங்கள் பதிவேட்டில் வராது.

ஆண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே நிதியாண்டில், நாட்டில் 80 லட்சத்துக்கும் அதிகமான கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுக்கு, பலருக்குக் கட்டாயத்தின் பேரில். 1977 தேர்தலில் அந்தக் கோபம் வெடித்தது. அதற்குப் பிறகு ஆண்களைத் தொட எந்த அரசுக்கும் தைரியம் வரவில்லை. சுமை மொத்தமும் பெண்கள் பக்கம் சாய்ந்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.3 சதவீதம். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பெண்களின் பங்கு பாதிக்கும் மேல். இத்தனைக்கும் ஆணுக்கான ஆபரேஷன்தான் சுலபம். வயிற்றைத் திறக்க வேண்டாம், அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிடங்களில் முடித்து, அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். மூன்று மாதம் வேறு பாதுகாப்போடு இருந்து, பிறகு ஒரு பரிசோதனை செய்துகொண்டால் போதும். அந்தக் காக்கிச் சட்டைக்காரனிடம் கையெழுத்து கேட்ட யாரும், "நீங்க பண்ணிக்கிறீங்களா?" என்று கேட்கவில்லை. இப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியுமோ என்னவோ.

இந்த ஊருக்கு இந்த விஷயத்தில் நல்ல பாரம்பரியம் உண்டு. 1930-லேயே மைசூர் சமஸ்தானம் பெங்களூரிலும் மைசூரிலும் அரசுக் கருத்தடை கிளினிக்குகளைத் திறக்க உத்தரவிட்டது. உலகிலேயே ஒரு அரசு திறந்த முதல் கிளினிக்குகள் அவை என்று சொல்வார்கள். அதே காலத்தை ஒட்டி, எங்கள் மொழியில் பெரியார் 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். மற்றவர்கள் பெண்ணின் உடல்நலம், குடும்பத்தின் வறுமை, நாட்டின் பொருளாதாரம் என்று காரணம் சொன்னார்கள். தான் கேட்பது பெண் விடுதலைக்காக என்று பெரியார் அதைத் தனியாகப் பிரித்து வைத்தார். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகப்போகிறது. மற்றவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் திட்டங்களாகிவிட்டன. பெரியார் சொன்ன காரணத்தை மட்டும் எந்தப் பாரத்திலும் நான் பார்க்கவில்லை.

இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. மக்கள்தொகையை வைத்துச் செய்யும் தொகுதி மறுவரையறையில் தென் மாநிலங்களுக்கு நாடாளுமன்ற இடங்கள் குறையும் என்ற பயத்திலும், முதியவர்கள் பெருகிவிடுவார்கள் என்ற கவலையிலும், தலைவர்கள் பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். 2024-ல் ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு சொன்னார். இரண்டு குழந்தைக்கு மேல் இருப்பவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்றிருந்த விதியையும் அங்கே நீக்கினார்கள். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாண மேடையில், உடனே பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று மு.க. ஸ்டாலின் மணமக்களைக் கேட்டார். இடங்கள் குறையும் என்ற பயம் நியாயமானது, அதற்காக நாடாளுமன்றத்தில் சண்டை போடட்டும். ஆனால் நேற்று வரை "ரெண்டு ஆச்சே, போதும்" என்ற அதே அரசியல் நாளைக்கு "மூணாவது எப்போ?" என்று கேட்டால், அந்தக் கேள்வியும் வந்து நிற்கப் போவது இதே லேபர் வார்டில்தான். குறைத்துக்கொள் என்று அழுத்தும் கை, கூட்டிக்கொள் என்றும் அழுத்தும். அதற்கு முன்னாலேயே கேட்கும் முறையைச் சரிசெய்துவிடுங்கள் என்பதால்தான் இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்பதும் தெரியும். வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அவள் திரும்ப வரமாட்டாள், வீட்டில் விடமாட்டார்கள், அடுத்த வருடமே மறுபடி கர்ப்பத்தோடு வந்து நிற்பாள், ரத்தம் இல்லாத உடம்பு தாங்காது. உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் ஏழாம் மாதம் என்கிறேன். அப்போதே யோசித்து முடிவெடுத்தவளுக்குப் பிரசவம் முடிந்த கையோடு செய்துவிடலாம், ஒரு நாளும் வீணாகாது. அவள் வேண்டும் என்று நினைத்து, மாமியார் வேண்டாம் என்று தடுக்கும் வீடுகளும் இருக்கின்றன. "இன்னொரு பையன் வேணும்" என்று நிற்கும் வீட்டில் அந்தப் பெண்ணுக்கு வாய் திறக்க இடம் கிடைப்பது, கதவு சாத்திய ஒரு அறையில் டாக்டர் தனியாகக் கேட்கும்போதுதான். தனியாகக் கேட்டால், வேண்டும் என்பவளும் பிழைப்பாள், வேண்டாம் என்பவளும் பிழைப்பாள்.

செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. தாயி கார்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஏழாம் மாதத்தில் அவளிடம் பேசிய தேதி, பேசிய மொழி, அவள் சொன்ன பதில் அதில் இருக்கட்டும். "இன்னும் யோசிக்கவில்லை" என்பதும் ஒரு பதிலாக அதில் இருக்க வேண்டும். காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை, ஆணுறை, ஆணுக்கான ஆபரேஷன் என்று அரசு இலவசமாகத் தரும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள், பெண்ணுக்கான ஆபரேஷனை மட்டும் முதலில் நிறுத்தாதீர்கள். பாரத்தைத் தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும் இந்தியிலும் அச்சடியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குச் செல்போனில் ஓடவிட அதையே குரலில் பதிவுசெய்து வையுங்கள். கணவன் கையெழுத்துப் போடும் இடம் ஏதாவது ஆஸ்பத்திரிப் பாரத்தில் இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஆஷா அக்காக்களை எண்ணிக்கையை வைத்து எடைபோடாதீர்கள். இலக்கு வைக்கும் முறையை மத்திய அரசு 1996-லேயே கைவிட்டதாகச் சொன்னது. ஆனால் இத்தனை கேஸ் கொண்டுவந்தால் இவ்வளவு ஊக்கத்தொகை என்று இருக்கும்வரை, அந்த அழுத்தம் கடைசியில் எங்கள் வாசலில்தான் இறங்கும். 2025 ஜனவரிக் குளிரில் ஃப்ரீடம் பார்க்கில் உட்கார்ந்து மாதம் பதினைந்தாயிரம் ரூபாய் நிலையான ஊதியம் கேட்டார்களே, அதைக் கொடுங்கள். வயிற்றுப்பாட்டுக்குக் கணக்கு காட்ட வேண்டிய நிலை இல்லையென்றால் அவர்கள் எங்களிடம் நிதானமாகப் பேசுவார்கள்.

எங்கள் பகுதியில் முதலில் செய்து பார்க்க நீங்கள் முடிவெடுத்தால், தமிழ்ப் பாரத்தை வாசித்துத் திருத்தவும், குரல் பதிவு செய்யவும், செக்கப் நாட்களில் வந்து உட்காரவும் நானும் என்னைப் போன்ற இன்னும் சில பெண்களும் தயாராக இருக்கிறோம். சம்பளம் வேண்டாம். எந்தக் கிழமை வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு தாய்
பெங்களூரு