ஒரு சால் தள்ளி உழுதவருக்கு அபராதம்: லாக்ஸ்டன் ஜூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

லாக்ஸ்டன் கோர்ட் லீட் ஜூரிகளுக்கு, அதாவது பொதுவயல்களைக் கவனிக்கும் ஊர் மன்றத்தின் நடுவர்களுக்கு, வணக்கம்.

நாட்டிங்ஹாம்ஷயரில் இருக்கும் உங்கள் ஊருக்கு இரண்டு தடவை வந்து போனவன் நான். முதல் தடவை கோட்டை மேட்டைப் பார்க்க வந்தேன். நார்மன் காலத்து மண்மேடு. ஏறினேன், மூச்சு வாங்கியது, இறங்கிவிட்டேன். இரண்டாம் தடவை நவம்பர் கடைசியில், வயலில் எல்லை காட்ட நீங்கள் முளை அடிக்கும் நாளில் வந்தேன். எழுத வைத்தது அந்த நாள்தான். உங்களுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த யாராவது படித்துச் சொல்லட்டும்.

படிக்கிற தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. வெஸ்ட் ஃபீல்டு, மில் ஃபீல்டு, சவுத் ஃபீல்டு என்று இவர்களுக்கு மூன்று பெரிய வயல்கள். உள்ளே வேலி கிடையாது. ஒவ்வொரு குடியானவருக்கும் மூன்றிலும் கீற்றுக் கீற்றாக நிலம். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு அல்லது புல். அடுத்த வருஷம் முறை மாறும். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பல ஊர்கள் இப்படித்தான் இருந்தன. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டுப் பொதுவயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் வேலிகட்டிப் பிரித்தார்கள். லாக்ஸ்டன் தப்பியது.

அன்றைக்கு டிராக்டர் பெட்டியில் நின்றபடி கோதுமை வயலுக்குப் போனீர்கள். நான் பின்னால் நடந்தேன். களிமண் ஷூவை விடவில்லை. ஒரு பெரியவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கோடி வரை பார்த்தார். "ஒரு சால் உள்ளே வந்திருக்கான்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். இன்னொருவர் தலையாட்டினார். கொட்டாப்புளி இறங்கியது, முளை மண்ணுக்குள் போனது. உழுதவரும் பக்கத்தில்தான் நின்றார், சிரித்துக்கொண்டே. எங்கள் ஊரில் அந்த ஒரு சாலுக்காக என் தாத்தாவும் பங்காளியும் பதினோரு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. நீங்களோ மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்.

அடுத்த வாரம் டவ்கோட் மதுக்கடையில் மன்றம் கூடும், பாதையையோ புல்பட்டையையோ சேர்த்து உழுதவருக்கு அபராதம் விழும், அடுத்த வருஷ ஜூரி உறுதிமொழி எடுக்கும் என்று கேள்விப்பட்டேன். அபராதத் தொகை பெரிதில்லை. ஆனால் அக்கம்பக்கத்தார் முன்னால் பெயர் வாசிக்கப்படுகிறதே, அது உறைக்கும்.

1635இல் மார்க் பியர்ஸ் வரைந்த உங்கள் ஊர் வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. உழுகிறவர், அறுக்கிறவர் எல்லாம் அதில் உண்டு. காகிதத்துக்குக் காவல் இருக்கிறது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நிலமும் கைமாறிக்கொண்டேதான் இருக்கிறது. 1952இல் மான்வெர்ஸ் பிரபுவிடமிருந்து வேளாண் அமைச்சகத்துக்கு, 1981இல் அரச உடைமைகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்கு, 2020இல் பழைய பிரபு குடும்பத்தின் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பவும். யார் பெயரில் பத்திரம் இருந்தாலும் முளை அடித்தது குடியானவர்கள்தான்.

என் பயம் வேறு. எங்கிருந்தோ வந்து எட்டிப் பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்காக இது ஒரு திருவிழாக் காட்சியாகிவிடக் கூடாது. 'பரவாயில்லை, ஒரு சால்தானே' என்று நீங்கள் ஒரு வருஷம் விட்டுவிட்டால், அதற்கடுத்த வருஷம் முளை அலங்காரமாகிவிடும். ஆகவே அபராதத்தைத் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. நிலமில்லாமல் வீடு மட்டும் வாங்கிக் குடிவந்தவர்களின் பிள்ளைகளையும் அந்த டிராக்டர் பெட்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் அடிக்கும்போது முளையைப் பிடித்துக்கொள்ளட்டும். எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், யார் எந்தப் பக்கம் சாய்த்து உழுவார் என்பதெல்லாம் வரைபடத்தில் இல்லை. நடக்கும்போது நீங்கள் பேசிக்கொள்ளும் பேச்சில்தான் இருக்கிறது.

வருகிற நவம்பரிலும் வருவேன். ரப்பர் பூட்ஸ் வாங்கிவிட்டேன். பழைய ஷூவில் இன்னும் உங்கள் ஊர் மண்.

இப்படிக்கு,
வேலியோரம் நின்று பார்த்தவன்