கூரையை உயர்த்திய புத்தகங்கள்

டப்ளின்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். உங்கள் முழங்கால் வலியைப் பற்றியும் பெரியம்மாவின் சர்க்கரையைப் பற்றியும் தம்பியிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் உங்கள் கையெழுத்தில் ஒரு வரி வந்தால்தான் மனம் ஆறுகிறது. இந்த ஊரில் உலகமே வந்து பார்க்கும் பழைய நூலகம் ஒன்று இருக்கிறதாமே, அதைப் பற்றி விவரமாக எழுது என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். கிளை நூலகராகவே பணிக்காலம் முழுவதையும் கழித்த உங்களுக்கு ‘அழகாக இருக்கிறது’ என்று ஒற்றை வரி எழுதித் தப்பித்துவிட முடியாது. ஆகவே, நான் பார்த்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சற்று நிதானமாகவே எழுதுகிறேன்.

இங்கே குளிர்காலத்தில் மாலை நான்கு மணி கடந்ததுமே இருட்டிவிடுகிறது; மழையோ நேரம் காலம் பார்ப்பதில்லை. மருத்துவமனையில் இரவுப்பணி முடித்துத் தூங்கி எழுந்தால் பகலில் எஞ்சுவது சிறிது நேரம்தான். அந்த நேரத்தில் கூரைக்குக் கீழே உட்கார ஓர் இடம் தேடியே நான் முதலில் நூலகங்களுக்குப் போகத் தொடங்கினேன். படிக்கும் ஆர்வத்தால் போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

நீங்கள் படத்தில் பார்த்தது டிரினிட்டி கல்லூரியின் பழைய நூலகத்தில் உள்ள நீண்ட கூடம். தாமஸ் பர்க் என்பவர் வடிவமைத்த அந்தக் கட்டடத்தின் வேலை 1712இல் தொடங்கி 1732இல் முடிந்தது. கூடத்தின் நீளம் 65 மீட்டர். இரு பக்கமும் சுவரிலிருந்து குறுக்காக நீட்டிக்கொண்டு நிற்கும் கருவாலி மர அலமாரிகள், ஒவ்வோர் இரண்டு அலமாரிகளுக்கும் நடுவே ஒரு சன்னல், அலமாரிகளின் முகப்பில் வெண்பளிங்கு மார்பளவுச் சிலைகள், அவற்றுக்கு மேலே இன்னொரு தளம் முழுக்க அலமாரிகள், அதற்கும் மேலே பெரிய பீப்பாய் ஒன்றை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்து வைத்ததுபோல் வளைந்த மரக்கூரை என்று அந்தக் கூடம் கண்ணை நிறைக்கிறது. வாசலில் நுழையும் எவரும் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள்.

ஆனால் அந்த வளைந்த கூரை, பர்க் கட்டியதே அல்ல. அவர் கட்டியபோது அங்கே இருந்தது சாந்து பூசிய தட்டையான மேற்கூரை. அலமாரிகளும் கீழ்த்தளத்தில் மட்டுமே இருந்தன. 1801இல் வந்த பதிப்புரிமைச் சட்டம், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அச்சாகும் எந்த நூலிலும் ஒரு பிரதியைக் கேட்டுப் பெறும் உரிமையை இந்த நூலகத்துக்கு வழங்கியது. போதாததற்கு 1802இல் ஃபாகெல் என்ற டச்சுக் குடும்பம் தலைமுறைகளாகச் சேர்த்த சுமார் 20,000 நூல்களும் விலைக்கு வாங்கப்பட்டு வந்து சேர்ந்தன. வரத்து நிற்காத, பழையதைக் கழிப்பது என்பதே இல்லாத ஒரு நூலகத்தின் கதி என்னவாகும் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1850களில் தட்டுகள் நிரம்பி வழிந்தன, பழைய கூரையும் பழுதாகியிருந்தது. டீன், உட்வர்ட் என்ற கட்டடக் கலைஞர்கள் இரண்டு தொல்லைகளுக்கும் சேர்த்து ஒரே வழி சொன்னார்கள். தட்டைக் கூரையைப் பிரித்துவிட்டு, 1860இல் அதை உயர்த்தி வளைவாக அமைத்து, மேல்தளத்திலும் அலமாரிகளை நிறுத்தினார்கள். இன்று ஆண்டுக்குப் பத்து லட்சம் பேர் வரை வந்து வியந்து படமெடுத்துப் போகும் அழகு, புத்தகம் வைக்க இடமில்லாமல் திண்டாடிய நூலகரின் தலைவலியில் பிறந்தது. அந்தக் கூடத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

கீழே இன்று கண்காட்சியும் கடையும் இருக்கும் தரைத்தளத்துக்கும் இதேபோல் ஒரு கதை உண்டு. முதலில் அது சுவரில்லாத வெறும் தூண் வளைவுகளாகத்தான் இருந்தது. தரையின் ஈரம் ஏறிப் புத்தகங்களைப் பிடிக்கக் கூடாது என்பதற்காகவே நூலகத்தை மேல்தளத்தில் வைத்துக் கீழே காற்று ஓட விட்டிருக்கிறார்கள். அந்த வளைவுகளையும் 1892இல் சுவர் எழுப்பி அடைத்தார்கள். காரணம் மறுபடியும் இடநெருக்கடிதான்.

உங்களுக்கு வியப்பாகவும் சற்று எரிச்சலாகவும் இருக்கக்கூடிய இன்னொன்றையும் சொல்கிறேன். இங்கே நூல்கள் பொருள்வாரியாக அடுக்கப்படவில்லை, உருவத்தின்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. கனமான பெரிய நூல்கள் அடித்தட்டில், மேலே போகப்போகச் சிறியவை. அலமாரிக்கு ஓர் எழுத்து, தட்டுக்கு ஓர் எழுத்து, தட்டில் அந்த நூல் நிற்கும் வரிசைக்கு ஓர் எண், இவ்வளவுதான் அதன் முகவரி. நூலகவியலாளர் ரங்கநாதன் வகுத்த பொருள்வாரிப் பகுப்பு முறையில் பழகிய உங்கள் கை, வானியலுக்குப் பக்கத்தில் சமையல் நின்றால் பொறுக்காது. ஆனால் மேலே கனம் ஏறி அலமாரி சாயாமல் இருக்கவும், கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியவும் அந்தக் காலத்தில் இதுவே வழியாக இருந்திருக்கிறது.

நீங்கள் படத்தில் பார்த்த நிலையில் அந்தக் கூடம் இப்போது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாரிஸ் நோத்ர்தாம் பேராலயம் 2019இல் தீப்பிடித்ததைப் பார்த்த பிறகு, மரமும் தோலும் காகிதமுமாக நிற்கும் இந்த இடத்தின் பாதுகாப்பு பற்றிய கவலை கூடி, சீரமைப்புப் பணியை முடுக்கிவிட்டார்கள். தீயும் நூலகமும் என்றதுமே நம்மவர்களுக்கு 1981இல் யாழ்ப்பாணத்தில் நடந்ததுதான் நினைவுக்கு வரும். அது விபத்தல்ல, வைத்த தீ என்பதால் இரண்டையும் ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. இங்கே சுமார் 2 லட்சம் பழைய நூல்களை ஒவ்வொன்றாக இறக்கி, தூசியை உறிஞ்சியெடுத்து, அளந்து, மின்னணு அடையாளச் சீட்டு வைத்து, வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட கிடங்குக்குக் கொண்டுபோகும் வேலையை 2022இல் தொடங்கினார்கள். நான் போனபோது பெரும்பாலான தட்டுகள் வெறுமையாக இருந்தன. ஏமாற்றம் என்று சொல்லமாட்டேன். நூல்கள் மறைத்திருந்த மரவேலைப்பாட்டை அப்போதுதான் முழுமையாகப் பார்க்க முடிந்தது. பார்வையாளர் கூட்டம் கொண்டுவரும் தூசியும் இந்த நூல்களுக்குத் தீராத தொல்லை என்று அறிந்தபோது, என் குளிர்கால மேலங்கியையே சற்றுச் சந்தேகத்துடன் பார்த்துக்கொண்டேன்.

சிலைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தத்துவஞானிகள், எழுத்தாளர்கள், கல்லூரிக்கு வேண்டியவர்கள் என்று 18ஆம் நூற்றாண்டிலிருந்து வரிசையாக ஆண்களே நின்றார்கள். 2023இல்தான் முதன்முறையாக அறிவியலாளர் ரோசலிண்ட் ஃபிராங்கிளின், கணிதவியலாளர் ஏடா லவ்லேஸ், நாடகாசிரியர் அகஸ்டா கிரகரி, பெண்ணுரிமை எழுத்தாளர் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் ஆகிய நான்கு பெண்களின் சிலைகள் சேர்ந்தன. இந்தக் கல்லூரி பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டதே 1904இல்தான்.

ஆனால் எங்கே போய் உட்காருவாய் என்று என்னைக் கேட்டால், நீண்ட கூடத்தை விட்டுவிட்டு மார்ஷ் நூலகத்துக்குத்தான் போவேன். புனித பாட்ரிக் பேராலயத்தின் பக்கத்தில், தெருவிலிருந்து பார்த்தால் எளிதில் கண்ணில் படாத சிறிய கட்டடம் அது. நார்சிஸஸ் மார்ஷ் என்ற பேராயர் அதை ஏன் கட்டினார் என்பது உங்களுக்குப் பிடிக்கும். அவர் முன்பு டிரினிட்டி கல்லூரியின் தலைவராக இருந்தவர். அந்தக் கல்லூரி நூலகத்தில் மாணவர் ஒருவர் புத்தகத்தைத் தொட வேண்டுமானால், ஆசிரியர் ஒருவர் உடன் வந்து அவர் படித்து முடிக்கும்வரை கூடவே இருக்க வேண்டும் என்பது விதி. எந்த ஆசிரியர் அப்படிக் காத்துக் கிடப்பார்? இந்த நிலையைக் கண்ட மார்ஷ், எல்லோருக்குமான ஒரு நூலகத்தைத் தாமே ஏற்படுத்தத் துணிந்தார். 1707இல் அதற்கென்று தனிச் சட்டமே நிறைவேறியது. அயர்லாந்தின் முதல் பொது நூலகம் அதுதான். எல்லோருக்கும் என்றால் பட்டதாரிகளுக்கும் கனவான்களுக்கும் என்று பொருள். நீங்களும் நானும் அன்று வாசலிலேயே நின்றிருப்போம்.

ஸ்டில்லிங்ஃபிளீட் என்ற ஆங்கில ஆயரின் நூல்தொகுதியை, ஏறத்தாழ 10,000 நூல்களை, மார்ஷ் 1705இல் 2,500 பவுண்டு கொடுத்து வாங்கினார். நூலகராக அமர்த்தியதோ எலி பூஏரோ என்ற பிரெஞ்சு மருத்துவரை. புராட்டஸ்டண்டு என்பதற்காகத் துரத்தப்பட்டு லா ரோஷெல் நகரிலிருந்து அகதியாக வந்த அவர், தம்முடைய புத்தகங்களையும் எப்படியோ காப்பாற்றிக் கொண்டுவந்துவிட்டார். அவை இன்றும் அங்கே இருக்கின்றன. விமானத்தில் அனுமதித்த எடையில் பெரியம்மா இடித்துத் தந்த பொடிகளுக்கே முதலிடம் கொடுத்தவள் நான் என்பதால், அந்த அலமாரிகளுக்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

நூல் திருட்டு அங்கேயும் இருந்திருக்கிறது. அரிய நூலைக் கேட்பவரை உள்ளே விட்டுப் பூட்டியதாகச் சொல்லப்படும் கம்பிவலைக் கூண்டுகளை இன்றும் பார்க்கலாம். நூல் இருக்குமிடத்தில் வாசகரையும் அடைத்துவிட்டால் இரண்டும் பத்திரம் என்ற கணக்கு. உங்கள் நூலகத்தில் வார இதழ்களின் நடுப்பக்கத்தைக் கிழித்துப் போனவர்களுக்கு நீங்கள் இதைத்தான் செய்ய விரும்பியிருப்பீர்கள். 1916இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக இங்கே நடந்த ஈஸ்டர் எழுச்சியின்போது சன்னல் வழியே பாய்ந்த துப்பாக்கிக் குண்டுகள் துளைத்த நூல்களையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். தோலட்டையில் நுழைந்த குண்டு பக்கங்களைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும் விதத்தைப் பார்க்கும்போது, அச்சான எழுத்தை எண்ணி மனம் பதறுகிறது.

என் குடியிருப்புக்கு அருகிலுள்ள கிளை நூலகத்தைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும்: 2019 முதல் இந்த நாட்டுப் பொது நூலகங்களில் தாமதக் கட்டணம் கிடையாது, உறுப்பினராவதற்கும் காசில்லை. சில கிளைகளில் பணியாளர் இல்லாத நேரத்திலும் அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்து உள்ளே போகலாம். இந்த ஏற்பாட்டைப் பற்றி உங்கள் கருத்தை அவசியம் எழுத வேண்டும்.

இன்னொரு செய்தி, நம்மூரைத் தொடுவது. எழும்பூர் கன்னிமரா நூலகத்துக்கு 1890இல் அடிக்கல் நாட்டிய சென்னை ஆளுநர் கன்னிமரா பிரபு, அதாவது ராபர்ட் பூர்க், அயர்லாந்துக்காரர். இதே டிரினிட்டி கல்லூரியில் படித்தவர். அவர் பட்டமாகச் சூடிய கன்னிமரா என்பது, இந்த நாட்டின் மேற்குக் கரையோரம் பாறையும் சதுப்பும் ஆடுகளுமாகக் கிடக்கும் ஒரு பகுதி. 1896இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தை வடிவமைத்த ஹென்றி இர்வினும் இந்த நாட்டில் பிறந்தவர்தான். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களுக்குப் பிரதி பெறும் நான்கு நூலகங்களில் கன்னிமராவும் ஒன்று. ஆகவே டிரினிட்டியின் கூரையை உயர்த்த வைத்த அதே வரத்து அங்கேயும் இருக்கிறது. தம்பி சென்னைக்குப் போகும்போது, அதன் பழைய கூடத்தில் இப்போது பார்வையாளர்களை விடுகிறார்களா என்று கேட்டு வரச் சொல்லுங்கள். விடுமுறைக்கு வரும்போது உங்களை அங்கே அழைத்துப் போக எண்ணியிருக்கிறேன். அதற்குள் முழங்கால் தைலத்தை நாள் தவறாமல் தேய்த்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்