சங்கரனுக்கு, கொடை முடிந்த கையோடு

அன்புள்ள சங்கரனுக்கு,

நலம். நீரும் வீட்டில் எல்லாரும் சுகம்தானே? ஆற்றில் தண்ணீர் கொஞ்சமாக ஓடுகிறது, மாங்காய் இந்த வருஷம் பரவாயில்லை. ஊர்ச் செய்தி அவ்வளவுதான். உம்ம முழங்கால் வலியை விசாரிக்கச் சொன்னாள் வீட்டில், விசாரித்துவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம்ம கோயில் சித்திரைக் கொடைத் திருவிழாவுக்கு என் அக்கா மகன் சென்னையிலிருந்து கீபோர்டோடு வந்து இறங்கினான். கூடவே ஒரு கூட்டாளி, மரப்பெட்டி மேல் உட்கார்ந்து அதையே தட்டுகிறவன். வில்லுப்பாட்டோடு சேர்ந்து வாசிக்கப்போகிறார்களாம். கமிட்டிக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். வில்லடித்துக் கதை பாடும் அண்ணாவியும் "வாசிக்கட்டுமே" என்றுவிட்டார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

காப்புப் பாடி முடிக்கும்வரை ஒரு குறையும் இல்லை. சுடலைமாடன் கதைக்குள் போனதும் பிடித்தது சனி. உமக்குத் தெரியாததா? அண்ணாவி ஓர் அடி பாடி நிறுத்துவார், இடப்பக்கத்தில் இருப்பவர் அதன் வாலைப் பிடித்து "ஆமா" போடுவார், குடம் ஒரு சத்தம் கொடுக்கும், அப்புறம்தான் அடுத்த அடி. பயல் அந்த இடைவெளியை எல்லாம் சுவரில் விழுந்த ஓட்டை என்று நினைத்துவிட்டான் போல. கண்ட இடத்திலெல்லாம் நாலைந்து கட்டையைச் சேர்த்து அமுக்கி, கார்டு என்பார்களே, அதைப் பூசி அடைத்தான். "ஆமா"வுக்கு இடமே இல்லை. சாமியாடி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், அருள் வந்தபாடில்லை. எப்படி வரும்? அண்ணாவி அவர் முகத்தைப் பார்த்துத்தானே அடியை நீட்டுவார், குறுக்குவார், வேகத்தைக் கூட்டுவார்! நம்ம பயல்கள் பார்த்துக்கொண்டிருந்தது போனை. அதில் ஒரே சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் ஓடுகிறது. கடைசியில் அண்ணாவி வில்லை அடிக்கும் வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: "தம்பி, நீங்க எப்ப மூச்சு விடுவீக?"

கூட்டம் சிரித்தது. பயலுக்கு முகம் செத்துவிட்டது.

மறுநாள் அவனை உட்காரவைத்து கொடோனா குழுவின் இசையைப் போட்டேன். நீர் பம்பாயிலிருந்து கொண்டுவந்தீரே, உம்ம அப்பாவுக்குப் பயந்து மேலே "பஜனை" என்று எழுதிய கேசட், அதே மூன்று பேர்தான். கேசட் போன வழி தெரியவில்லை. இப்போது போனிலேயே கிடைக்கிறது. இத்தனை வருஷம் கழித்துக் கேட்டதில் எனக்கே தலை கிறுகிறுத்துப் போச்சு ஓய்.

காலின் வால்காட், டான் செர்ரி, நானா வாஸ்கொன்செலோஸ். மூன்று பேரின் பெயரிலும் முதல் இரண்டெழுத்தைச் சேர்த்துத்தான் கொடோனா. 1978, 1980, 1982 என்று மூன்றே ஆல்பம் பதிவு செய்தார்கள். மூன்றும் ஈசிஎம் என்ற இசைக் கம்பெனி வெளியீடு. இன்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டு ஃப்யூஷன் என்று போர்டு மாட்டுகிறார்களே, அந்த ஜாதி இல்லை இது. வால்காட் அமெரிக்கர், ஆனால் ரவிசங்கரிடம் சிதார் படித்தவர், அல்லா ரக்காவிடம் தபலா. செர்ரி 1950களின் கடைசியில் சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மேனோடு நின்று ஜாஸ் உலகத்தையே சண்டைக்கு இழுத்தவர். அப்புறம் அந்தக் குட்டி டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், மாலி நாட்டு வேட்டைக்காரர்களின் சுரைக்குடுக்கை யாழையும் கற்றுக்கொண்டார். இப்படி அடுத்தவன் திண்ணையில் உட்கார்ந்து படித்தவர்கள்தான் ஒன்றாகச் சேர்ந்தார்கள். முதல் ஆல்பத்தில் கோல்மேன் பாட்டும் அமெரிக்கப் பாப் பாடகர் ஸ்டீவி வொண்டர் பாட்டும் ஒரே சரட்டில் வருகிறது. சிதாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வொண்டர் வாசிக்கிற தைரியம் யாருக்கு வரும்?

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியவர் நானாதான். பிரேசில் நாட்டு ரெசிஃபேக்காரர். கையில் என்ன தெரியுமா? வில்! பெரிம்பாவ். வளைத்த கம்பில் ஒற்றைக் கம்பி. பழைய டயரைக் கிழித்து அந்தக் கம்பியை எடுப்பார்களாம். அடியில் ஒரு சுரைக்குடுக்கை. ஒரு கையில் குச்சியும் சின்னக் கிலுகிலுப்பைக் கூடையும், வில்லைப் பிடித்த கையில் கல்லோ காசோ. குடுக்கையின் வாயை வயிற்றில் ஒட்டவைத்தும் விலக்கியும் ஒரே கம்பியை அழவைக்கிறார், அதட்டவைக்கிறார். நம்மவர்கள் வில்லைப் படுக்கப்போட்டுத் தரையில் குடம் வைத்தார்கள், அவர்கள் நிமிர்த்திப் பிடித்து வயிற்றில் குடுக்கையை வைத்தார்கள். அன்று கேசட்டில் கேட்டபோது நாம் இரண்டு பேரும் இதைக் கவனித்தோமா? எனக்கு ஞாபகமே இல்லை.

பயல் முழுசாகக் கேட்டுவிட்டு, "மாமா, இதுல பீட்டே இல்லையே" என்றான். அறையலாமா என்று வந்தது. அப்புறம் அவனே, "ஒருத்தர் வாசிக்கும்போது மத்த ரெண்டு பேரும் சும்மா இருக்காங்க" என்றான். சரி, காது இருக்கிறது, திறக்கத்தான் நாளாகும் என்று விட்டுவிட்டேன்.

இதற்குள்ளே என்னை அரிப்பது வேறு. நம்ம இடப்பக்கத்துப் பெரியவர் மார்கழியில் போய்விட்டார், உமக்குத் தகவல் வந்திருக்காது. இப்போது அந்த இடத்தில் அண்ணாவியின் மருமகன். "ஆமா" நேரத்துக்கு விழுகிறது, ஆனால் குறுக்கே கேள்வி போட்டுக் கதையைத் திருப்பத் தெரியவில்லை. "மாடன் ஏன் மலையாளம் போனான்?" என்று பெரியவர் ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்பாரே, அண்ணாவி அதில் ஒரு நாழிகை புதுசாகக் கட்டுவாரே, அது நின்றுபோச்சு. எழுதிவைத்த கதைதான் ஓடுகிறது. வால்காட் 1984 நவம்பரில் கிழக்கு ஜெர்மனியில் சாலை விபத்தில் போனார், அவருடைய இன்னொரு குழுவான ஆரெகானோடு சுற்றுப்பயணத்தில் இருந்தபோது. ஆரெகானுக்கு நம்ம நாட்டுத் தபலாக்காரர் திரிலோக் குர்து வந்து சேர்ந்தார், அது ஓடியது. கொடோனா அத்தோடு நின்றது. மற்ற இரண்டு பேரும் உயிரோடுதான் இருந்தார்கள். செர்ரி 1995 வரை, நானா 2016 வரை. வேறு ஆளை வைத்து நாலாவது ஆல்பம் போடவில்லை. அது சரியா தப்பா என்று ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். கோயிலுக்கு அப்படி முடியாதே. கொடை வந்தால் யாராவது இடப்பக்கம் உட்கார்ந்துதான் ஆகணும்.

இதில் வேடிக்கை, கொடை முடிந்த மூன்றாம் நாள் அண்ணாவியே பயலுக்கு ஆள் அனுப்பிவிட்டார். "பெட்டியை வீட்ல வச்சிட்டு வா, குடத்துக்குப் பக்கத்துல உக்காரு, கதையைக் கேளு. கை அரிச்சா அப்புறம் பாப்போம்." பயலும் ஆடி மாசம் லீவு போட்டு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறான். கமிட்டிக்காரர்களோ இப்போதே அடுத்த வருஷ நோட்டீசில் ஃப்யூஷன் என்று போடத் துடிக்கிறார்கள். போட்டால் நான் வரி கொடுக்கமாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது.

பயலுக்கு என் பேச்சு ஏறாது. நான் வெறும் கேட்கிறவன். நீர் கடம் வாசித்த கை, நீர் சொன்னால் அடங்குவான். ஆடி அமாவாசைக்கு எப்படியும் சொரிமுத்தையன் கோயிலுக்கு வருவீர். அப்படியே இங்கே இரண்டு நாள் தங்கும். கடத்தைத் துணியில் சுற்றி எடுத்துவாரும். ஹார்மோனியம் வேண்டவே வேண்டாம், ஊர் இன்னும் மறக்கவில்லை.

உம்ம,
கணபதி