கைதிக் கப்பல் கட்டுரையில் விடுபட்டது

ஆசிரியருக்கு வணக்கம். கைதிகளை ஏற்றிச் சென்ற பாய்மரக் கப்பல்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் 'எட்வின் ஃபாக்ஸ்' ஏன் இல்லை? 1853இல் கல்கத்தாப் பக்கம், தேக்கில் கட்டிய கப்பல் அது. ரஷ்யாவை எதிர்த்து பிரிட்டன் இறங்கிய கிரிமியப் போருக்குப் படை சுமந்தது. 1858இல் பிரிட்டிஷ் கைதிகளைக் கொண்டுபோய் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரிமாண்டிலில் இறக்கியது. அப்புறம் நியூசிலாந்துக்குக் குடியேறிகளை ஏற்றிச் சென்றது. பின்னர் பாய்மரங்களைக் கழற்றி, ஆட்டிறைச்சியை உறையவைக்கும் கிடங்காக்கிவிட்டார்கள்!

காசிமேட்டில் மரப்படகு கட்டிப் பிழைத்தவன் நான். அந்தக் கப்பலின் அடிப்பாகம் இன்னும் நியூசிலாந்தின் பிக்டனில் நிற்கிறது என்றால், தேக்கை இழைத்த வங்காளத் தச்சர்களைத்தான் முதலில் பாராட்டுவேன். கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அடுத்த வாரம் அந்தக் கப்பலின் படத்தையாவது போடுங்கள்.

- ஒரு படகுத் தச்சர், ராயபுரம், சென்னை