தானியத்துக்கா மானியம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உயிரி எரிபொருளைப் புகழ்பவர்கள், அது எதிலிருந்து வருகிறது என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. மக்காச்சோளத்தை எத்தனாலாக்க (பெட்ரோலில் கலக்கும் எரிசாராயம்) நிலம், நீர், உரம் எல்லாம் வேண்டும். அதற்காகக் காட்டை அழித்தால் கரியமில வாயுக் கணக்கே தலைகீழாகிவிடும்; குறைவதற்குப் பதில் கூடும். பலமுறை பொரித்துக் கறுத்த எண்ணெயோ, வடிகட்டி ஈரம் நீக்கி, மெத்தனால் என்ற சாராயமும், சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரப்பொருள் சிறிதும் சேர்த்துச் சூடாக்கினால் கிளிசரின் அடியில் தங்க, மேலே பயோடீசலாக நிற்கிறது. கிடைக்கும் அளவு குறைவுதான், மறுக்கவில்லை. வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்க, அதன் நார்ப்பொருளான செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைப்பது இன்னும் செலவு பிடிக்கும் வேலை. மானியம் இந்தக் கழிவுகளுக்குப் போகட்டும், தானியத்துக்கு வேண்டாம்.

- ஒரு வாசகர்